வால் பொய் சொல்லும்: டி1, டி2 அளவீட்டில் இரைச்சலைச் சமாளிப்பது எப்படி

கல்லீரலில் எவ்வளவு இரும்பு படிந்திருக்கிறது என்று எம்.ஆர்.ஐ.யில் அளக்கிறீர்கள். படத்தில் இரைச்சல் இருந்தால் விடை கொஞ்சம் முன்னே பின்னே ஆடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆடினால் பரவாயில்லை, நாலு தடவை எடுத்து சராசரி போட்டுக்கொள்ளலாம். ஆனால் நடப்பது அது மட்டுமில்லை. சிக்னல் எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்று சொல்லும் காலம் டி2ஸ்டார்; இரும்பு கூடக் கூட அது குறையும். இரும்பு அதிகமுள்ள கல்லீரலில் இரைச்சல் டி2ஸ்டாரைக் கூட்டித்தான் காட்டும். அதாவது இரும்பு குறைவாகத் தெரியும். எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே பக்கமாகத்தான் சாயும். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா பிள்ளைக்கு "இரும்பு பரவாயில்லை" என்று ரிப்போர்ட் போனால், இரும்பை இறக்கும் மருந்தின் அளவும் அதை நம்பித்தான் போகும்.

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் 1.5 டெஸ்லா மெஷின் ஓட்டுகிறேன். படித்தது மெடிக்கல் பிசிக்ஸ். ஆற்காடு ரோட்டுப் பக்கம் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளியில் எழுதியிருக்கும் ஊர் இது. எங்கள் டேபிளில் படுப்பவர்களிலும் பாதிப் பேர் ரயிலேறி வந்தவர்கள். சாயங்காலம் லிஸ்ட் முடிந்த பிறகு காட்பாடிப் பக்கத்திலிருந்து ப்ராஜெக்ட் பிள்ளைகள் டேட்டா எடுக்க வருவார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். டி1, டி2 என்றால் என்ன, எக்கோ என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், பைத்தானோ ஆக்டேவோ கொஞ்சம் பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

இரைச்சலுக்குத் தரை எங்கிருந்து வருகிறது

காயில் பிடிக்கும் சிக்னல் ரியல், இமேஜினரி என்று இரண்டு பாகமாக வருகிறது. இரண்டிலும் இரைச்சல் உண்டு. 1.5 டெஸ்லாவில் உடம்பை ஸ்கேன் செய்யும்போது அதில் பெரும்பங்கு மெஷினுடையதல்ல, படுத்திருப்பவரின் உடம்பிலிருந்தே வரும் வெப்ப இரைச்சல். அது கூட்டலும் கழித்தலுமாகச் சமமாக ஆடும், சராசரி பூஜ்யம். இதுவரை எந்த வம்பும் இல்லை.

வம்பு மேக்னிட்யூட் படம் போடும்போது ஆரம்பிக்கிறது. ரியலையும் இமேஜினரியையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்கிறோம். கழித்தல் குறி அங்கேயே செத்துவிடுகிறது. காட்பாடி ஜங்ஷன் வாசலைச் சுற்றி இலக்கில்லாமல் நடக்கிற ஒருத்தர் போனில் "வாசலிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி? அவர் நிற்கும் இடங்களின் சராசரி வாசல்தான். ஆனால் அவர் சொல்லும் எண்களின் சராசரி ஒருநாளும் பூஜ்யமாகாது. மேக்னிட்யூட் படமும் அப்படித்தான். சிக்னலே இல்லாத இடத்திலும் ஒரு சராசரி நிற்கும். ஒவ்வொரு பாகத்திலும் உள்ள இரைச்சலின் திட்டவிலக்கம் சிக்மா என்றால், அந்தச் சராசரி 1.25 சிக்மா. அதைத்தான் இரைச்சல் தரை என்கிறேன்.

இந்தக் கணக்கு எம்.ஆர்.ஐ.க்காகப் பிறந்ததல்ல. பெல் லேபில் ஸ்டீபன் ரைஸ் 1944-45-ல் தகவல் தொடர்பு இரைச்சலுக்காக எழுதியது. அதனால்தான் ரைசியன் பரவல் என்று பெயர். எம்.ஆர்.ஐ. படங்களுக்கு அதை 1995-ல் குட்பியார்ட்சன், பாட்ஸ் இருவரும் தெளிவாக எழுதி வைத்தார்கள். அவர்களிடமிருந்து நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: சிக்னல் 3 சிக்மாவுக்கு மேல் இருந்தால் எல்லாம் சாதாரண காஸியன் மாதிரி நடந்துகொள்ளும், சாய்வு சொற்பம். அதற்குக் கீழே போனால் படம் சொல்லும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உண்மையான டி2ஸ்டார் 2 மில்லி செகண்ட். ஆரம்ப சிக்னல் 400, சிக்மா 8. எக்கோ 1.2 மில்லி செகண்டில் ஆரம்பித்து 1.2 இடைவெளியில் எட்டு. உண்மையான சிக்னல் இப்படி இறங்க வேண்டும்: 220, 120, 66, 36, 20, 11, 6, 3. மேக்னிட்யூட் படத்தில் சராசரியாக வருவது: 220, 120, 66, 37, 22, 14, 11, 10. முதல் நாலு எக்கோவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கர்வின் வாலான கடைசி மூன்றும் 10-ஐச் சுற்றித் தரைதட்டி நின்றுவிட்டன. போன வருஷம் ஒரு பையன் இதே மாதிரி ஒரு கர்வை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, கடைசி எக்கோல கூட சிக்னல் கீது பாருங்க, செம டேட்டா" என்றான். அங்கே இருந்தது சிக்னல் இல்லை, தரை.

இந்த எட்டுப் புள்ளிகளையும் லாக் எடுத்து நேர்கோடு போட்டால் டி2ஸ்டார் 2.6 மில்லி செகண்ட் என்று வரும். முப்பது சதவீதம் கூடுதல். ஆர்2ஸ்டாராக, அதாவது ஒன்றை டி2ஸ்டாரால் வகுத்துச் சொன்னால், செகண்டுக்கு 500 இருக்க வேண்டியது 380. முதல் நாலு புள்ளிகளை மட்டும் வைத்துப் போட்டால் 2.02. டேட்டாவில் பாதியைத் தூக்கிப் போட்டதும் விடை சரியாகிவிட்டது.

சிக்மாவை அளக்காமல் ஃபிட்டில் கை வைக்காதீர்கள்

மேலே சொன்ன எல்லாமே சிக்மா தெரிந்தால்தான் பயன்படும். பிள்ளைகள் பெரும்பாலும் தவிர்க்கும் வேலையும் இதுதான், ஏனென்றால் இதில் வண்ணப் படம் எதுவும் வராது.

எளிய வழி, உடம்புக்கு வெளியே காற்று இருக்கும் மூலையில் ஒரு ஆர்.ஓ.ஐ. (அளப்பதற்காகப் படத்தில் வரையும் வட்டம்) போடுவது. அங்கே கிடைக்கும் சராசரியை 1.253-ஆல் வகுங்கள். திட்டவிலக்கத்தைத் தனியாக 0.655-ஆல் வகுங்கள். இரண்டும் ஒரே சிக்மாவைத் தர வேண்டும். தரவில்லை என்றால் உங்கள் மெஷின் நீங்கள் நினைத்த மாதிரி படம் போடவில்லை. நான் எப்போதும் முதலில் பார்ப்பது சராசரிக்கும் திட்டவிலக்கத்துக்கும் உள்ள விகிதத்தை. 1.91 பக்கத்தில் இருந்தால் ரைசியன் கணக்கு செல்லும். எட்டு சேனல் காயிலில் (எட்டு சின்னக் காயில்கள் சேர்ந்தது) சேனல்களை வர்க்கம் போட்டுக் கூட்டிப் படம் செய்யும் முறை என்றால் இந்த விகிதம் 5-ஐத் தாண்டும். தரையும் 1.25 சிக்மா அல்ல, கிட்டத்தட்ட 4 சிக்மா. சேனல் கூடக் கூடப் படம் நன்றாகத்தான் இருக்கும், தரையும் கூடவே ஏறும். சேனல்களை எடை போட்டுச் சேர்க்கும் முறை உங்கள் மெஷினில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது ரைசியனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும்.

மூலையில் ஆர்.ஓ.ஐ. போடும் வழி பல சமயம் செல்லாது. சில மெஷின்கள் காற்றுப் பகுதியைப் பூஜ்யமாக்கி வெட்டிவிடும். படத்தின் பிரகாசத்தைச் சமன் செய்யும் ஃபில்டர் போட்டிருந்தால் நடுவிலும் ஓரத்திலும் சிக்மா வேறு வேறாக இருக்கும். வேகத்துக்காக பேரலல் இமேஜிங் போட்டிருந்தால் உடம்பின் நடுவில் இரைச்சல் கூடும், மூலையில் தெரியாது. கல்லீரலில் அளக்க வேண்டியதைத் தோளுக்கு மேலே இருக்கும் காற்றில் அளந்து என்ன பயன்?

ஆகவே எனக்குப் பிடித்த வழி: ஒரே படத்தை எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து இரண்டு முறை எடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். நீங்கள் அளக்கப்போகும் அதே திசுவில், சிக்னல் நன்றாக இருக்கும் முதல் எக்கோவில், கழித்த படத்தின் திட்டவிலக்கத்தை எடுத்து வர்க்கமூலம் இரண்டால் வகுங்கள். கழித்ததில் கழித்தல் எண்களும் வரும், அவற்றை மெஷின் பூஜ்யமாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, ஆர்.எஃப். பல்ஸை அடைத்துவிட்டு அதே சீக்வன்ஸை ஓட்டுவது. கிடைப்பது முழுக்க முழுக்க இரைச்சல் படம். அதற்கு சர்வீஸ் பாஸ்வேர்ட் வைத்திருக்கும் இன்ஜினியரின் நல்லெண்ணம் தேவை.

ஒரு எச்சரிக்கை. 128-க்கு 128 எடுத்ததை மெஷின் 256-க்கு 256 என்று பெருக்கிக் கொடுக்கும். பிக்சல் நாலு மடங்கு, தகவல் அதேதான். பக்கத்து பிக்சல்களின் இரைச்சல் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அந்தப் படத்தில் பிக்சல் எண்ணிக்கையை வைத்துப் பிழைவரம்பு கணக்குப் போட்டால், இருப்பதைவிடப் பாதியாகத் தெரியும். ஆராய்ச்சிக்கு எடுக்கும்போது இன்டர்பொலேஷனை அணைத்துவிடுங்கள்.

டேபிளில் இருக்கும்போதே செய்ய வேண்டியது

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிக்கட்டுவதைவிட ஸ்கேன் பண்ணும்போதே யோசிப்பது லாபம். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் வாக்சலின் (படத்தின் ஒரு பிக்சல் உடம்பில் பிடிக்கும் சின்னக் கட்டி) கன அளவோடு நேராக ஏறும், நேரத்தோடு வர்க்கமூலமாகத்தான் ஏறும். ஸ்லைஸ் தடிமனை 5 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆக்கினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இரட்டிக்கும். அதே இரட்டிப்பை ஆவரேஜ் கூட்டி வாங்க நாலு மடங்கு நேரம் வேண்டும். கல்லீரல் போன்ற பெரிய உறுப்பில் தடித்த ஸ்லைஸ் எடுக்கத் தயங்காதீர்கள். அழகான மெல்லிய படத்தை டாக்டருக்குத் தனியாக எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஆவரேஜில் ஒரு சூட்சுமம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மெஷினுக்குள் ரியல், இமேஜினரி நிலையிலேயே நாலு ஆவரேஜ் எடுத்தால் சிக்மா பாதியாகும், தரையும் பாதியாக இறங்கும். ஆனால் நாலு மேக்னிட்யூட் படங்களை வெளியே எடுத்து நீங்களே சராசரி போட்டால் ஆட்டம் மட்டும்தான் குறையும். தரை இருந்த இடத்திலேயே 1.25 சிக்மாவில் நிற்கும். கர்வ் வழவழப்பாகும், வால் அதே பொய்யைச் சொல்லும், இப்போது நம்புகிற மாதிரி வேறு சொல்லும். பெரிய ஆர்.ஓ.ஐ. போட்டுச் சராசரி எடுப்பதும் இதே கதைதான். முடிந்தவரை சிக்னலின் கோணத்தைக் காட்டும் ஃபேஸ் படத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு ரியல் பாகத்தைத் திரும்பக் கட்டி ஃபிட் செய்தால் தரை என்ற பேச்சே இல்லை.

வயிற்றுப் படத்தில் ஆவரேஜை நம்பாதீர்கள். அங்கே மூச்சு இரைச்சலைவிடப் பெரிய எதிரி. எல்லா எக்கோவையும் ஒரே மூச்சில் முடிக்கும் சீக்வன்ஸைப் போடுங்கள். அந்த மூச்சை அவர் நிஜமாகவே பிடிக்க வேண்டும். தமிழிலும் இந்தியிலும் மெஷின் சொல்லும் ரெக்கார்டிங்கைக் கேட்டு ஒரு வங்காளப் பாட்டி தலையாட்டுவார், மூச்சை மட்டும் விட்டுக்கொண்டே இருப்பார். "நிஷ்ஷாஷ் பொந்தோ கொருன்" என்று மைக்கில் நீங்களே சொல்லிப் பாருங்கள், டேபிளில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முறை ஒத்திகையும் பாருங்கள். நான் இதுவரை பார்த்த எந்த ஃபில்டரும் இந்த ஒத்திகை அளவுக்கு ஆர்2ஸ்டாரைத் திருத்தியதில்லை.

எக்கோ நேரங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் அடுத்த பெரிய விஷயம். டி2-வை இரண்டே எக்கோவில் அளப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இரண்டுக்கும் இடையே டி2-வைப்போல் 1.1 மடங்கு இடைவெளி இருக்கும்போது பிழை மிகக் குறைவு. பின்னால் வரும் எக்கோவைக் கூடுதல் தடவை எடுக்க வசதி இருந்தால், இடைவெளி 1.28 மடங்கு, பின் எக்கோவை முன் எக்கோவைப்போல் 3.6 மடங்கு தடவை. டி2-வைப் போல ஐந்து மடங்கு தூரம் வரை எக்கோ எடுத்துக்கொண்டு போவதில் லாபமில்லை என்பதுதான் இதன் பொருள். அங்கே சிக்னல் ஒரு சதவீதம்கூட மிச்சமில்லை. மூளையின் வெண்பகுதிக்கு டி2 70, 80 மில்லி செகண்ட் என்றால், கடைசிச் சில எக்கோக்கள் 100, 150-ல் விழட்டும். இதயத்துக்கு 1.5 டெஸ்லாவில் டி2ஸ்டார் 20-க்குக் கீழே போனால் இரும்பு படிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள், 10-க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். அந்த 10, 20 எல்லையைச் சுற்றித்தான் உங்கள் எக்கோக்கள் அடர்த்தியாக இருக்க வேண்டும். கல்லீரலில் இரும்பு ஏறிவிட்டால் எல்லாம் முதல் சில மில்லி செகண்டில் முடிந்துவிடும். அங்கே முதல் எக்கோவை எவ்வளவு முன்னால் இழுக்க முடியுமோ இழுங்கள். பேண்ட்விட்த்தைக் கூட்டினால் எக்கோ முன்னால் வரும், இரைச்சலும் வர்க்கமூலமாக ஏறும். அந்த விலையை நான் தயங்காமல் கொடுப்பேன்.

ஃபிட்

லாக் எடுத்து நேர்கோடு போடுவது எளிது, அதனால்தான் எல்லோரும் அதில் விழுகிறார்கள். லாக் எடுத்தவுடன் சின்ன சிக்னலின் ஆட்டம் பெரிதாக ஊதிவிடும். 200-ல் சிக்மா 8 என்பது நாலு சதவீதம், 16-ல் அதே 8 ஐம்பது சதவீதம். இரண்டு புள்ளிகளுக்கும் ஒரே மரியாதை கொடுத்தால் வால்தான் கோட்டை இழுத்துக்கொண்டு போகும். லாக்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிக்னலின் வர்க்கத்தை எடையாகக் கொடுங்கள். அதைவிட நேரடியாக எக்ஸ்பொனென்ஷியலையே நான்-லீனியராகப் பொருத்துவது நல்லது. லாக் கோட்டில் கிடைத்த விடையை ஆரம்ப மதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு என்ன செய்வது? மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டிவிடுவது முதல் வழி. 3 சிக்மாவுக்குக் கீழே போன எக்கோவிலிருந்து அந்தப் பக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வாக்சலிலும் தனித்தனியாக வெட்டும்போது கவனம் தேவை. தற்செயலாக மேலே ஆடிய புள்ளி தங்கிவிடும், கீழே ஆடியது போய்விடும், அதுவே ஒரு புதுச் சாய்வு. ஆர்.ஓ.ஐ. சராசரியை வைத்து எங்கே வெட்டுவது என்று முடிவு செய்து, எல்லா வாக்சலுக்கும் அதே இடத்தில் வெட்டுங்கள். தினசரி வேலைக்கு நான் இதைத்தான் செய்கிறேன்.

இரண்டாவது, எக்ஸ்பொனென்ஷியலோடு ஒரு மாறிலியைக் கூட்டிப் பொருத்துவது. எல்லா சாஃப்ட்வேரிலும் இந்தப் பட்டன் இருக்கும். எனக்குப் பிடிக்காது. தரை என்பது கூட்டல் மாறிலி அல்ல. சிக்னல் பெரிதாக இருக்கும் இடத்தில் அது மறைந்துவிடும், சிறிதாகும்போதுதான் தலைகாட்டும். மாறிலி போட்டால் முன் பகுதியிலிருந்தும் அதைக் கழித்துவிடும், விடை மறுபக்கம் சாயும். டி2ஸ்டார் இருப்பதைவிடக் குறைவாக வரும், ஆட்டமும் கூடும்.

மூன்றாவது வழி கணக்கில் நேர்மையானது. மேக்னிட்யூடின் வர்க்கத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதன் சராசரி, உண்மையான சிக்னலின் வர்க்கத்தோடு 2 சிக்மா வர்க்கம் சேர்ந்தது. இது தோராயமல்ல, எந்த சிக்னலுக்கும் அப்படியே செல்லும். எனவே ஆர்.ஓ.ஐ.யில் ஒவ்வொரு பிக்சலையும் முதலில் வர்க்கப்படுத்தி, பிறகு சராசரி எடுத்து, 2 சிக்மா வர்க்கத்தைக் கழியுங்கள். வரிசை முக்கியம். சராசரி எடுத்துவிட்டு வர்க்கப்படுத்தினால் கணக்குத் தப்பிவிடும். கிடைத்த கர்வை எக்ஸ்பொனென்ஷியலாகப் பொருத்தி, வரும் காலத்தை இரண்டால் பெருக்கினால் டி2, ஏனென்றால் வர்க்கம் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும். வாலில் சில புள்ளிகள் கழித்தல் எண்ணாக வரும். வரட்டும். பூஜ்யமாக்கினாலோ குறியை மாற்றினாலோ நீங்கள் கழித்த தரையை நீங்களே திரும்பப் போட்டுவிடுகிறீர்கள். எட்டு சேனல் வர்க்கக் கூட்டல் படமென்றால் 2-க்குப் பதில் 16 சிக்மா வர்க்கம்.

எந்த வழி எடுத்தாலும், நோயாளி டேட்டாவுக்கு முன்னால் பொய் டேட்டாவில் சோதித்துவிடுங்கள். தெரிந்த ஒரு டி2-வை வைத்து கர்வ் செய்யுங்கள். ஒரு காஸியன் எண்ணை அதனோடு கூட்டி, இன்னொரு காஸியன் எண்ணை இமேஜினரியாக வைத்து, இரண்டின் வர்க்கக் கூட்டலுக்கு மூலம் எடுங்கள். ஆயிரம் தடவை ஓட்டுங்கள். வந்த விடைகளின் நடு எங்கே, அகலம் எவ்வளவு என்று பாருங்கள். பத்துப் பதினைந்து வரி புரோகிராம்தான். உங்கள் சிக்மாவுக்கு, உங்கள் எக்கோ நேரங்களுக்கு எது பொருந்தும் என்று எந்தப் பேப்பரையும்விட இது தெளிவாகச் சொல்லும். வாக்சல் வாரியாக டி2 படம் போட்டால், சராசரியைவிட மீடியனை எழுதுங்கள். இரைச்சல் மிகுந்த வாக்சல்கள் சில ஆயிரக்கணக்கில் எகிறி சராசரியை இழுத்துக்கொண்டு போகும்.

டி1-க்கு வேறு தலைவலி

180 டிகிரி பல்ஸால் தலைகீழாக்கி, திரும்பி வருவதை அளக்கும் முறைதான் இன்வெர்ஷன் ரிகவரி. அதில் சிக்னல் கழித்தலில் ஆரம்பித்து, பூஜ்யத்தைக் கடந்து, கூட்டலுக்கு வருகிறது. மேக்னிட்யூட் படத்தில் கழித்தல் பகுதி மடங்கி மேலே வந்துவிடும். பூஜ்யத்தைக் கடக்கும் நேரம் டி1-ஐப்போல் 0.69 மடங்கு. டி1 800 மில்லி செகண்ட் என்றால் 555 பக்கத்தில். அந்த இடத்தில் சிக்னல் தரைக்குக் கீழே போகும், படமோ தரைக்கு மேலேதான் காட்டும். எந்தப் புள்ளியிலிருந்து குறியை மாற்றுவது என்பதிலும் குழப்பம்.

எல்லாச் சாத்தியத்தையும் ஓட்டிப் பார்ப்பதுதான் சுலபம். முதல் புள்ளி மட்டும் கழித்தல், முதல் இரண்டும் கழித்தல், முதல் மூன்றும் கழித்தல் என்று வரிசையாகப் பொருத்தி, எதில் மிச்சப் பிழை குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் படம் இருந்தால் இந்த வேலையே மிச்சம். மூன்று பாராமீட்டர் வைத்துப் பொருத்துங்கள். 180 டிகிரி பல்ஸ் எந்த மெஷினிலும் 180 ஆக இருப்பதில்லை. மூளைக்கு நிறைய இன்வெர்ஷன் நேரங்கள் வேண்டும் என்று நினைக்காதீர்கள். பரால் குழுவினர் 2010-ல் காட்டிய முறையில் 50, 400, 1100, 2500 மில்லி செகண்ட் என்று நாலே நேரங்கள்தான். மிச்ச நேரத்தை ஆவரேஜுக்குச் செலவழியுங்கள்.

வேகமாக இருக்கிறது என்று ஃப்ளிப் ஆங்கிளை, அதாவது பல்ஸின் கோணத்தை, மாற்றும் முறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே பி1 (ஆர்.எஃப். பல்ஸின் பலம்) பிழை இரட்டித்து டி1-ல் இறங்கும். இரைச்சலைத் திட்டிப் பயனில்லை, முதலில் பி1 படம் எடுங்கள்.

இரைச்சல் மாதிரி வேஷம் போடுபவை

வால் தூக்கி நிற்பதற்கெல்லாம் தரை காரணமல்ல. கார், பர்செல் 1954-ல் கொண்டுவந்து, மெய்பூம், கில் 1958-ல் திருத்திய எக்கோ வரிசையைத்தான் டி2-க்கு இன்றும் ஓட்டுகிறோம். அதில் ரீஃபோகஸ் பல்ஸ் சரியாக 180 இல்லையென்றால் ஸ்டிமுலேட்டட் எக்கோ என்று கூடுதல் சிக்னல் வந்து வாலைத் தூக்கும். முதல் எக்கோ மட்டும் தாழ்ந்தும் இரண்டாவது எழும்பியும் இருந்தால் அதுதான் ஆள். வாலைத் தூக்குவது அதுவா தரையா என்று கண்டுபிடிக்க, மெஷினுக்குள்ளேயே ஆவரேஜை ஒன்றிலிருந்து நாலாக்கிப் பாருங்கள். வால் பாதியாக இறங்கினால் அது தரை. அசையாமல் நின்றால் ஸ்டிமுலேட்டட் எக்கோ, அல்லது ஆர்.ஓ.ஐ.யின் ஓரத்தில் மாட்டிக்கொண்ட கொழுப்போ நீரோ ரத்தக் குழாயோ.

படத்தில் கோடு கோடாக ஜிப் மாதிரி ஓடினால் அது வெளியிலிருந்து வந்த ரேடியோ அலை. 1.5 டெஸ்லாவின் 64 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். ரேடியோவுக்குக் கொஞ்சம் கீழே, 3 டெஸ்லாவின் 128 கொஞ்சம் மேலே. அக்கம்பக்கமெல்லாம் ஜனநெருக்கடி. அறைக் கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறதா, உள்ளே மலிவு எல்.இ.டி. விளக்கு, மானிட்டர் ஒயர் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். படம் முழுக்கச் சாய்ந்த கோடுகள் விழுந்தால் எங்கேயோ பொறி தட்டுகிறது. ஏ.சி.யில் அறை ஈரப்பதம் இறங்கிப்போன நாளில் நைலான் போர்வையே போதும். பருத்திப் போர்வைக்கு மாறுங்கள். இந்த மாதிரி இரைச்சலுக்கு ரைசியன் கணக்கு எதுவும் செல்லாது. படத்தைத் திரும்ப எடுப்பதுதான் ஒரே வழி.

சோதித்துப் பார்க்க ஒரு ஃபேன்டம்

உடம்புக்குப் பதிலாக ஸ்கேன் செய்து பார்க்கும் சோதனைப் பொருள்தான் ஃபேன்டம். விலை கொடுத்து வாங்கும் ஃபேன்டம் இல்லையென்றால் நீங்களே செய்யலாம். மளிகைக் கடை சைனா கிராஸ், காய்ச்சி வடித்த நீர், உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தம். சைனா கிராஸைக் கூட்டினால் டி2 இறங்கும், துத்தத்தைக் கூட்டினால் டி1 இறங்கும். நாலைந்து அளவில் கலந்து சின்னச் சின்ன பிளாஸ்டிக் புட்டிகளில் ஊற்றுங்கள். குமிழி வராமல் ஓரமாக மெதுவாக ஊற்ற வேண்டும், குமிழி இருந்தால் டி2ஸ்டார் நாசம். துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். நாளானால் பூஞ்சை பிடிக்கலாம், அப்போது புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

வெப்பநிலையில்தான் எங்கள் ஊர் ஆட்களுக்குத் தனிப் பாடம். டி1 ஒவ்வொரு டிகிரிக்கும் ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் நகரும். கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டிய வெளியிலிருந்து புட்டியைக் கொண்டுவந்து 21 டிகிரி அறையில் நேராகக் காயிலில் வைத்தால், ஸ்கேன் ஓடும்போதே டி1 இறங்கிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு விடை வரும், அதை இரைச்சல் என்று நினைத்துக்கொள்வீர்கள். முதல் நாள் ராத்திரியே புட்டிகளை ஸ்கேன் அறைக்குள் வைத்துவிடுங்கள்.

இரும்பேறிய கல்லீரல் மாதிரி சீக்கிரம் விழும் டி2ஸ்டார் வேண்டுமா? மார்க்கெட்டில் ஒரு முள்ளு கத்திரிக்காய் வாங்குங்கள். இலவம்பாடிக் காய் கிடைத்தால் இன்னும் நல்லது, மிச்சத்தைக் குழம்பு வைக்கலாம். பஞ்சு போன்ற அதன் சதைக்குள் காற்று நிறைய. காற்றும் நீரும் ஒட்டி இருக்கும் இடமெல்லாம் காந்தப்புலம் கலைந்து சிக்னல் மளமளவென்று இறங்கும். பக்கத்திலேயே ஒரு தண்ணீர்ப் புட்டியை வைத்து ஒரே படத்தில் எடுத்தால், வால் தரைதட்டுவதையும் தரைதட்டாமல் வருவதையும் அருகருகே பார்க்கலாம். புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுக்கச் சொல்வது இந்தப் படத்தைத்தான்.

ரிப்போர்ட்டில் எழுதும்போது

எண்ணோடு சிக்மா, முதல் எக்கோ நேரம், எத்தனை எக்கோ வைத்துப் பொருத்தினீர்கள், எங்கே வெட்டினீர்கள் என்று நாலு வார்த்தை எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே பிள்ளை வேறு மெஷினில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரும்போது, இரும்பு நிஜமாகவே இறங்கியதா, சேனல் கூடிய காயிலின் தரை ஏறியதா என்று பார்க்க அதுதான் வழி.

சில கல்லீரல்கள் முதல் எக்கோவிலேயே கறுப்பாக வரும். முதல் எக்கோவே 3 சிக்மாவைத் தாண்டவில்லை என்றால் எந்த ஃபிட்டும் ஓட்டாதீர்கள். சாஃப்ட்வேர் ஒரு எண்ணைக் கொடுக்கத்தான் செய்யும், இரண்டு தசம இடத்தோடு கொடுக்கும். அது தரையின் எண். இன்னும் குறைந்த எக்கோ நேரத்தில் திரும்ப எடுக்க முடிந்தால் எடுங்கள், அல்லது ஸ்பின் எக்கோவில் ஆர்2 அளக்கும் முறைக்குப் போங்கள். இரண்டும் முடியாவிட்டால் "டி2ஸ்டார் இந்த சீக்வன்ஸ் அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே, இரும்பு மிக அதிகம்" என்று எழுதிவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டும் சொல்லிவிடுங்கள்.